மீன் சதை ஏன் ஏடு ஏடாகப் பிரிகிறது?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கிய கொடுவா மீனைக் குழம்பில் போட்டு, வெந்த துண்டை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். சதை ஏடு ஏடாகக் கழன்று வரும். அந்த மீன் கருவாக இருந்தபோது முதுகின் இருபுறமும் ஜோடி ஜோடியாகத் திரண்ட சிறு கட்டிகளே வளர்ந்து இந்த ஏடுகளாயின. அவற்றுக்குச் சோமைட் என்று பெயர். நம் முதுகெலும்பும் விலா எலும்புகளும் சோமைட்டுகளிலிருந்து வந்தவைதாம்.

சோமைட்டுகள் தாளம் தப்பாமல் உருவாகின்றன. ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு வரிக்குதிரை மீனில் ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு ஒரு ஜோடி, எலியில் 2 மணி நேரத்துக்கு ஒன்று, மனிதனில் சுமார் 5 மணி நேரத்துக்கு ஒன்று. எலியில் இந்தத் தாளத்தின் மையத்தில் இருப்பது ஹெஸ்7 என்ற மரபணு. அதிலிருந்து உருவாகும் புரதம் செல்லின் உட்கருவுக்குத் திரும்பி வந்து, அதே மரபணுவின் முன்பகுதியில் ஒட்டிக்கொண்டு அதை அணைத்துவிடும். புதுப் புரதம் வராது, இருப்பதும் சிதைந்து தீரும். தடை விலகியதும் மரபணு மறுபடி விழிக்கும்.

ஆனால் தன்னைத் தானே அணைப்பதால் மட்டும் தாளம் பிறந்துவிடாது. அணைப்பு உடனே நடந்தால் புரதத்தின் அளவு ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் நின்றுவிடும். தாமதம் வேண்டும். மரபணுவைப் படியெடுத்த ஆர்.என்.ஏ.வில் இன்ட்ரான் எனப்படும், புரதத்துக்குத் தேவைப்படாத பகுதிகள் இருக்கும். அவற்றையும் படியெடுத்து, பிறகு வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டவைக்க நேரம் பிடிக்கிறது. வெறும் வீண்சுமை என்று எண்ணப்பட்ட இன்ட்ரான்களே இங்கே இந்தத் தாளக் கடிகாரத்தின் முக்கியமான பாகம். எலியின் ஹெஸ்7இல் இருக்கும் மூன்றையும் கியோட்டோ ஆய்வாளர்கள் நீக்கியபோது தாமதம் சுமார் 19 நிமிடம் குறைந்தது. தாளமே நின்றுபோய், முதுகெலும்புகளும் விலா எலும்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தன. இரண்டை மட்டும் நீக்கினால் கடிகாரம் நிற்கவில்லை, வேகமாக ஓடியது. கழுத்திலும் மேல் மார்பிலும் முதுகெலும்புகளின் எண்ணிக்கை கூடியது!

புரதம் சிதையும் வேகமும் அதே அளவு முக்கியம். ஹெஸ்7 புரதத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், சுமார் 22 நிமிடம். அதை 30 நிமிடமாக நீட்டிய எலிகளில், அணைக்கும் திறன் குறையாதபோதும், முதல் சில சுற்றுகளுக்குப் பிறகு சோமைட்டுகளின் வரிசை குலைந்தது. பழைய புரதம் முழுதும் தீருமுன் அடுத்த சுற்று தொடங்கிவிடுவதே காரணம். மனிதரிலும் இந்த மரபணு பழுதானால் குட்டையான உடற்பகுதியோடும் ஒட்டிய விலா எலும்புகளோடும் குழந்தை பிறக்கிறது.

வரிக்குதிரை மீன் கருக்களை ஆய்வகத்தில் 28.5 டிகிரியில் வளர்ப்பார்கள். சிங்கப்பூரின் ஏர்கான் குளிரில் கருக்கள் இருக்கும் தட்டை மேசைமேல் விட்டுவிட்டால் கடிகாரம் மெதுவாகும். ஆனால் உடல் நீளும் வேகமும் கூடவே குறைவதால் சோமைட்டின் அளவு மாறுவதில்லை. அதனால்தான் கருவின் வயதைக் குறிக்கும்போது கடந்த மணிநேரத்தை நம்பாமல் சோமைட்டுகளை எண்ணுகிறார்கள்.