செல்ஃப் அடித்தால் டீசல் லைனில் புகுந்த காற்று போகாது

சம்பா உழவு தொடங்கியதிலிருந்து, டிராக்டர் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் கருகிப்போவது இது நான்காவது. நேற்று மன்னார்குடிப் பக்கம் ஒரு வயல். டீசல் பைப் கசிந்திருக்கிறது, அவர்களே புது பைப்பும் போட்டுவிட்டார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று அரை மணி நேரம் செல்ஃப் அடித்திருக்கிறார்கள். நான் போனபோது மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. காயில் கம்பி கருகிய நாற்றம் வரப்பு வரை அடித்தது.

வண்டியில் வேறு கோளாறு எதுவும் இல்லை. டீசல் லைனில் ஏர், அதாவது காற்று புகுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"விடாம அடிச்சா டீசல் தானா ஏறிடும்ணே" என்றார் ஓட்டிய தம்பி. ஊரெல்லாம் இதையேதான் சொல்கிறார்கள். ஏறாது தம்பி! எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். டீசல் லேசில் நசுங்காது, அதனால் பம்ப் தள்ளும் அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போகும். காற்று அப்படியில்லை. தள்ளினால் சுருங்கும், விட்டால் விரியும். நூறு தடவை தள்ளினாலும் நாசில் திறக்காது. டேங்க் நிறைய டீசல் இருந்தாலும் இதே கதைதான். செல்ஃபை ஒரு தடவைக்கு 10 விநாடி, மிஞ்சினால் 15. அப்புறம் 2 நிமிடமாவது ஆறவிடுங்கள். ஏர் கிளீனரில் பெட்ரோல் துணி காட்டுவதையும் தயவுசெய்து விடுங்கள்.

ஏர் எடுக்க, ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி கை பம்பை அடியுங்கள். முதலில் சோப்புத் தண்ணீர் போல நுரைத்து வரும். குமிழ் நின்று டீசல் தெளிவாக வழியும்போதே இறுக்குங்கள். பம்பை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்ப ஏறிவிடும். அடுத்து டீசல் பம்ப் ஸ்குரூவிலும் இதே வேலை. கடைசியாக நாசில் பைப் நட்டுகளை லேசாகத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் நிற்கும் காமன் ரெயில் வண்டியில் அந்த நட்டைத் தொடவே கூடாது. 2023 முதல் வந்த, 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டி என்றால் காமன் ரெயிலா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கழற்றிய இடத்தில் செம்பு வாஷர் புதுசாகப் போடுங்கள். சைக்கிள் டியூப் கட்டு வேண்டாம். டேங்குக்கும் அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கும் விரிசல் வெளியே சொட்டாமலே காற்றை இழுக்கும். நாளைக்கும் நடு வயலில் நிற்பீர்கள்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். எஞ்சின் ஓடும்போது நாசில் பைப் கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டையைக் காட்டிப் பாருங்கள். அந்தப் பீச்சலில் டீசல் தோலுக்குள் ஏறிவிடும். எறும்பு கடித்தது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிக்காமலும் இருக்கலாம். அப்படி ஆனால் வீட்டுக்குப் போகாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.