மூச்சைப் பிடித்து வரும் கொசு: போஸ்டர் வரையப்போகும் மாணவர்களுக்கு

பூச்சிக்கடியைத் தடுப்பது பற்றி மாணவர்களுக்குப் போஸ்டர் போட்டி வைத்தால், பெரும்பாலும் ஒரே படம்தான் வரும்: பெரிய கொசு, அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி, கீழே ‘கொசுவை ஒழிப்போம்’. உழைப்பு தெரியும், வண்ணமும் அழகாக இருக்கும். ஆனால் பார்த்தவர் வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்காது. கொசு நம்மைத் தேடி வரும் வழியைத் தெரிந்துகொண்டு வரைந்தால் படமே வேறு மாதிரி வரும்.

கடிப்பது பெண் கொசு மட்டும்தான். பசிக்கு அது குடிப்பதும் ஆண் கொசுவைப் போலப் பூந்தேன்தான். முட்டைகளை வளர்க்கத் தேவையான புரதத்துக்காகத்தான் ரத்தத்தைத் தேடி வருகிறது. முதலில் அதற்கு எட்டுவது நம் மூச்சு. நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு காற்றில் இழை இழையாகப் போகிறது. பல மீட்டர் தள்ளி இருக்கும் கொசு அந்த இழையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. கண்ணுக்கு வேலை அப்புறம்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி என்ற வகைக் கொசுக்களைப் பற்றி 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அருமையாகக் காட்டியது. கார்பன் டை ஆக்சைடை முகர்ந்த பிறகு அவை சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நோக்கிப் பறந்தன. பச்சையையும் வெள்ளையையும் பொருட்படுத்தவில்லை. மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும் அதிலிருந்து வரும் ஒளியில் சிவப்பும் ஆரஞ்சும் தூக்கலாக இருக்கும். அருகே வந்ததும் வியர்வையின் லாக்டிக் அமில வாசனையும் உடல் சூடும் வழிகாட்டுகின்றன. ஏறக்குறைய 70 செ.மீ. தூரத்திலிருந்தே நம் உடலின் அகச்சிவப்புக் கதிரை ஏடிஸ் உணர்கிறது என்று 2024-இல் தெரியவந்தது.

இப்போது ‘முழுக்கை, வெளிர்நிறம், தொளதொளப்பு’ என்ற அறிவுரைக்குக் காரணம் புரிகிறது அல்லவா? உடலை ஒட்டிய மெல்லிய துணி வழியாகக் கொசுவால் குத்த முடியும். அதன் வாய் ஒற்றை ஊசி அல்ல. உறைக்குள் ஆறு நுண்ணிய ஊசிகள் இருக்கின்றன. சில தோலை அறுக்கும், ஒன்று ரத்தத்தை உறிஞ்சும், இன்னொன்று உமிழ்நீரை உள்ளே விடும். நமக்கு அரிப்பைத் தருவதும், கிருமியைச் சுமந்து வருவதும் அந்த உமிழ்நீர்தான். இந்த வாயைப் பெரிதாக்கி வரைந்த ஒரு போஸ்டரைப் பார்க்க எனக்கு ஆசை.

கொசு விரட்டியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டீட் (DEET) என்ற விரட்டி மருந்து பூசிய தோலில் உட்காரும் கொசு அதைக் கால்களால் சுவைத்தே உணர்ந்து விலகிவிடுகிறது. ஆகவே கழுத்தில் ஒரு பொட்டு வைத்தால் கழுத்தில் அந்தப் பொட்டுக்கு மட்டும்தான் காவல். துணி மூடாத தோல் முழுவதும் பூச வேண்டும். சன்ஸ்கிரீன் போடுவதாக இருந்தால் அது முதலில், விரட்டி அதன் மேல். குழந்தைகளின் கைகளில் பூசக் கூடாது, கை நேராக வாய்க்குப் போகும். மின்விசிறியையும் மறக்காமல் வரையுங்கள். கொசு பலமாகப் பறக்காது; விசிறிக் காற்று அதைத் தள்ளுவதோடு நம் மூச்சின் இழையையும் கலைத்துவிடுகிறது.

உண்ணி வரைபவர்கள் கால்களை எண்ணிக்கொள்ளுங்கள். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். அது பூச்சியே அல்ல, சிலந்தியின் உறவு. பறக்காது, குதிக்காது. புல் நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகிறவர்மேல் தொற்றிக்கொள்ளும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகச் சொல்வது இதனால்தான். கடித்திருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயின் கிருமி உடலில் ஏறப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், வெளியே போய் வந்த அன்றே உடலைப் பார்த்துவிடுவது பெரிய பாதுகாப்பு.

கொசுவலையை வரைந்தால் நேரத்தையும் யோசியுங்கள். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் இரவில் கடிக்கும், அதற்கு வலை சரி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். அதைத் தடுக்க வாளியை வரைய வேண்டும். தண்ணீரைக் கவிழ்ப்பது போல மட்டும் வரைந்தால் பாதி வேலைதான். ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே வாளியின் உள்ளே கரும்புள்ளிகளாக முட்டைகள், பக்கத்தில் அவற்றைத் தேய்த்தெடுக்கும் ஒரு பிரஷ்.