மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு உள்ளே போய் என்ன செய்கிறது?

"அலர்ஜிக்கு டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். நாலு நாள் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டீராய்டு என்றாலே பயமாகவும் இருக்கிறது. நிறுத்திவிடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். நாலு நாளில் முழுப் பலன் தெரியாததற்குக் காரணம், மருந்து வேலை செய்யும் விதம்தான்.

அலர்ஜியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். மெத்தையில் இருக்கும் தூசிப்பூச்சியின் கழிவோ மகரந்தமோ மூக்கில் பட்டதும் அங்கே காவல் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள், ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன; தும்மல், அரிப்பு, நீர். சில மணி நேரம் கழித்து இயோசினோபில் போன்ற ரத்த வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. நாள்கணக்கில் மூக்கை அடைத்து வைப்பது இந்த இரண்டாம் அலைதான்.

ஸ்டீராய்டு கைவைப்பது அந்த அலையை வரவழைக்கும் இடத்தில். இது கொழுப்பில் கரையும் மூலக்கூறு, அதனால் செல்லின் சவ்வைத் தாண்டி நேராக உள்ளே போய்விடும். அங்கே ஸ்டீராய்டு வந்து ஒட்டுவதற்கென்றே உள்ள ஏற்பி என்ற புரதம் ஒன்று, துணைப் புரதங்கள் பிடித்து வைத்திருக்க, சும்மா காத்திருக்கிறது. ஸ்டீராய்டு வந்து ஒட்டியதும் அதன் வடிவம் மாறுகிறது, பிடி விடுகிறது, இரண்டும் சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் நுழைகின்றன. அங்கே அழற்சியைத் தூண்டும் புரதங்களுக்கான மரபணுக்களின் வேலையை அடக்குகின்றன. அழற்சியைத் தணிக்கும் சில மரபணுக்களை முடுக்கியும் விடுகின்றன. வெள்ளையணுக்களை அழைக்கும் செய்தியே எழுதப்படாமல் போகிறது! நம் அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் தினமும் பயன்படுத்தும் அதே வழி இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம்.

ஆனால் அடுப்பை அணைத்த மறுநொடி குழம்பு ஆறிவிடாது. ஏற்கெனவே உருவான புரதங்களும் வந்து குவிந்த செல்களும் கலைய வேண்டும். அதனால் முதல் நாளே கொஞ்சம் தெரிந்தாலும், முழுப் பலனுக்கு ஓரிரு வாரம் ஆகலாம். அதுவரை விடாமல் தினமும் அடிக்க வேண்டும்.

சரி, பயம்? இந்த ஏற்பி உடம்பின் பெரும்பாலான செல்களில் இருக்கிறது. மாத்திரையாக மாதக்கணக்கில் விழுங்கினால் எலும்பு, சர்க்கரை, கண் எல்லாம் பாதிக்கப்படுவது அதனால்தான். ஸ்ப்ரேயில் ஓர் அழுத்துக்குப் பெரும்பாலும் 50 மைக்ரோகிராம்தான். அதிலும் பெரும்பகுதி தொண்டை வழியாக வயிற்றுக்குப் போனாலும், கல்லீரல் அதைச் சிதைத்துவிடுகிறது. ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்ப்ரே ஸ்டீராய்டில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தத்தை எட்டுகிறது, மோமெட்டசோன் என்ற இன்னொன்றில் 1 சதவீதத்துக்கும் குறைவு. உடம்பை முறுக்கேற்ற ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அந்த ஸ்டீராய்டு வேறு வகை.

எனக்குள்ள ஆதங்கம் இதுதான்: ஸ்டீராய்டுக்குப் பயப்படுகிறவர்கள், உடனே மூக்கைத் திறந்துவிடும் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை மட்டும் மாதக்கணக்கில் வாங்கி விடுகிறார்கள். 'பழகிவிடும்' என்ற பேச்சு உண்மையில் பொருந்துவது அதற்குத்தான். அந்தச் சொட்டு மருந்தைச் சில நாளுக்கு மேல் தொடர்ந்து மூக்கில் விட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

அடிக்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மூக்கைச் சிந்திவிட்டு, பாட்டிலைக் குலுக்கி, தலையை லேசாகக் குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போது முனை நடுச்சுவரை விட்டு விலகி, அந்தப் பக்கக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்கும். மருந்து நடுச்சுவரிலேயே பட்டுக்கொண்டிருந்தால் வறண்டு ரத்தம் கசியும். மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்கு ஓடிவிடும்.

குழந்தைகளுக்குக் குறைந்த அளவில் கொடுத்து, நீண்ட நாள் கொடுத்தால் உயரத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கண் அழுத்த நோய் இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எச்ஐவிக்கான ரிட்டோனாவிரும் கீட்டோகோனசோல் போன்ற சில பூஞ்சை மாத்திரைகளும் கல்லீரலில் ஸ்டீராய்டைச் சிதைக்கும் நொதியையே தடுத்துவிடும். அவற்றைச் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில், மேலே சொன்ன 2 சதவீதக் கணக்கு மாறிவிடும் என்பதால், அந்த மருந்துச் சீட்டையும் டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.