பங்குணர்த்தல்

உளச்சிகிச்சைக்குப் புதிதாக வருபவரிடம், அங்கே என்ன நடக்கும், அவர் செய்யவேண்டியது எது, சிகிச்சையாளர் செய்வது எது என்று தொடக்கத்திலேயே எடுத்துச் சொல்வதுதான் 'ரோல் இண்டக்சன்'. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவர் ஜெரோம் ஃபிராங்க் இருந்த குழு 1964இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வடிவம் கொடுத்தது. விளக்கம் பெற்றவர்கள் ஒழுங்காக வந்தார்கள், கூடுதலாகத் தேறினார்கள்.

'ரோல்' என்ற பிரெஞ்சுச் சொல் முதலில் நடிகரின் பாகம் எழுதிய தாள்சுருளைக் குறித்தது. மட்டக்களப்புக் கூத்தில் அதைப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுப்பது, அதாவது அவரவர் பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுப்பது, இதே செயல்தான். 'இண்டக்சன்' இலத்தீனில் உள்ளே அழைத்துச் செல்வது. ஆகவே இதைத் தமிழில் 'வகிபாகத் தூண்டல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பிழை. தூண்டல் மின்னியலுக்குரியது, இங்கே யாரும் யாரையும் தூண்டுவதில்லை. 'பங்குணர்த்தல்' பொருந்தும். வந்தவரிடம் அந்தச் சொல்லும் வேண்டாம்.

கல்லடியிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ கிளினிக்குக்கு வருபவர் மருந்துத் துண்டையும் குளிசையையும் எதிர்பார்த்தே வருகிறார். கேட்டால் பதில் சொல்வது மரியாதை, கேட்காமல் பேசுவது அதிகப்பிரசங்கம் என்று பழகியவர். சிகிச்சையாளரோ அவர் தொடங்கட்டும் என்று காத்திருப்பார். அந்த மௌனம் புறக்கணிப்பாகப் படும். அடுத்த கிழமை ஆள் வராது.

அதனால் இப்படித் தொடங்கலாம்: "அம்மா, நான் குளிசை தாறல்ல. கிழமைக்கொருக்கா முக்கால் மணித்தியாலம் கதைப்பம். எதைக் கதைக்கிறதெண்டு நீங்கதான் தொடங்கணும். நான் பேசாம இருந்தா கோவமில்ல, கேட்டுக்கொண்டிருக்கன்." வைத்தியர் தந்த குளிசையைத் தாமாக நிறுத்தக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இரகசியத்தின் எல்லையும் முதல் நாளே தெரியவேண்டும்: சொன்னது வெளியே போகாது; தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்தென்றால் மட்டும் தேவையானவர்களுக்குச் சொல்லப்படும். கூட வந்த மாமியை வெளியே இருத்துவதற்குக் காரணமும் அதுதான் என்று மாமியிடமே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் குறையும். கோயில் நேர்த்தியையோ ஓதிப் பார்ப்பதையோ விடச் சொல்லத் தேவையில்லை. சொன்னால் அவர் எங்களிடம் மறைக்கத் தொடங்குவார்.

அதிகம் தவறவிடப்படுவது ஒன்று. ஆறாத துக்கத்தைக் கதைத்த பிறகு சில நாள் அழுகை கூடலாம், நித்திரை குழம்பலாம். முன்பே சொல்லாவிட்டால் "போனதால கூடிட்டு" என்று நின்றுவிடுவார்கள். அந்த வாரத்தில் வரவேண்டியது இன்னும் அவசியம்.

"விளங்கிச்சா?" என்றால் எல்லாரும் "ஓம்" என்பார்கள். "இங்க என்ன நடக்குமெண்டு உங்கட தங்கச்சிக்கு எப்பிடிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். விடுபட்டது எதுவென்று அந்தப் பதிலில் தெரியும். அதை அடுத்த அமர்வின் தொடக்கத்தில் மறுபடி சொல்லவேண்டும்.