ஏரேஷன் டேங்கும் ஒரு கட்டுத்தரைதான்

உடுமலைப் பக்கம் பழைய அட்டைப்பெட்டியைக் கூழாக்கி கிராஃப்ட் பேப்பர் ஓட்டும் ஒரு மில்லிலிருந்து போன தை மாதம் போன் வந்தது. "ஈ.டி.பி. தண்ணி கறுத்துப் போச்சுங்க, நாத்தம் தாங்கல." ஈ.டி.பி. என்றால் மில்லின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடம்.

போய்ப் பார்த்தால், பொங்கலுக்கு நாலு நாள் மெஷினை நிறுத்தியிருக்கிறார்கள். கூடவே, ஏரேஷன் டேங்கில் கழிவுநீருக்குக் காற்று ஊதும் ப்ளோயரையும். "மில்லே ஓடல, அதுக்கு எதுக்குங்க கரண்ட்?" என்றார் ஷிப்டில் இருந்தவர்.

ஒரு லிட்டர் ஜாடியில் டேங்கு நீரைப் பிடித்து வைத்தேன். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள்தான் அதில் சேறாக இருக்கும். நல்ல சேறு என்றால் காப்பிப்பொடி நிறத்தில் அரை மணி நேரத்தில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். இங்கே கறுஞ்சேறு. மேல்தண்ணீர் கலங்கல் விடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் குமிழிவிட்டு, படிந்த சேறே கட்டிகட்டியாக மேலே மிதந்தது. அழுகின முட்டை வாசம்.

காகித மில் கழிவில் நார் பெரிய சிக்கல் இல்லை. கிளாரிஃபயர் என்ற முதல் படிவுத் தொட்டியில் பிடித்துத் திரும்பக் கூழுக்கே அனுப்பிவிடலாம். கரைந்துபோன ஸ்டார்ச் அப்படிப் படியாது, நுண்ணுயிர்கள் தின்றுதான் தீர வேண்டும். அவை மூச்சுவிட லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவிலாவது கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும். நாலு நாள் காற்றும் இல்லை, தீனியும் இல்லை என்றால் எந்த உயிர் தாங்கும்? லீவு என்று கட்டுத்தரை மாட்டை யாராவது பட்டினி போடுவார்களா?

இன்னொன்று, அந்த நுண்ணுயிர்களுக்குச் சத்தாகப் போடும் உரம், யூரியாவும் டிஏபியும். நம் மில் கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. பி.ஓ.டி., அதாவது கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, 100 பங்கு என்றால் தழை 5, மணி 1 என்ற கணக்கில் கொடுக்க வேண்டும். அங்கே இருந்த ரிஜிஸ்டரில் மூன்று மாதமாக அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யூரியா மூட்டையில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

வேறொரு மில்லிலிருந்து ஒரு லாரி உயிருள்ள சேறு கொண்டுவந்து விட்டோம். சாணியைக் கரைத்து, வடிகட்டி ஊற்றினோம். உற்பத்தியைப் பாதியாகக் குறைத்து, கழிவை மெல்ல மெல்லக் கூட்டினோம். மேல்தண்ணீர் தெளிய மூன்று வாரம் ஆனது.

இவ்வளவு செய்தாலும் உப்பு குறையாது. பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே வந்துவிட்டது என்று அந்தத் தண்ணீரை அப்படியே தோட்டங்காட்டுக்குப் பாய்ச்சிவிடக் கூடாது, டி.டி.எஸ். என்ற கரைந்த உப்பின் அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும். சாயக்கழிவு உப்பால் நிலம் கெட்ட நொய்யல் ஆற்றுக் கரைக்காரர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆடி நோம்பிக்கு அதே மில் மூன்று நாள் நின்றது. ஒரு ப்ளோயரும் சேற்றைத் திருப்பிவிடும் பம்ப்பும் மட்டும் ஓடின. லீவு முடிந்த காலை ஷிப்ட்காரரே ஜாடியைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். காப்பிப்பொடி நிறம், லிட்டர் ஜாடியில் 320 மில்லி கோட்டில் படிந்திருந்தது.