மேனிஃபோல்டுக்குள் ஆடும் தகடு

போன மாதம் திருப்பூரில் இருந்து ஒரு காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கோவையில் என் ஒர்க்‌ஷாப்பில் இறக்கினார்கள். நாலு சிலிண்டர் டீசல், ஐரோப்பியக் கார், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியது, இவர் கைக்கு வந்து இரண்டு வருடம். "பைபாஸ்ல எண்பதுல வந்துட்டு இருந்தேங்ண்ணா, டக்குனு ஒரு சத்தம், அப்புறம் சுத்தியல்ல அடிக்கிற மாதிரி கடகடன்னு, ஓரங்கட்டறதுக்குள்ள ஆஃப் ஆயிருச்சு" என்றார். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாவது பிஸ்டனின் தலை அம்மி கொத்தினது போலக் குழிகுழியாகக் கிடந்தது. அதில் ஒரு குழிக்குள் குட்டி ஸ்க்ரூ ஒன்றின் தலை அப்படியே புதைந்து பளபளத்தது. காற்றை உள்ளே விடுகிற இன்டேக் வால்வு இரண்டும் வளைந்துவிட்டன, வால்வு சீட்டுக்குப் பக்கத்தில் ஹெட்டில் வெடிப்பு. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடுகிற குழாய்த் தொகுப்பான மேனிஃபோல்டைத் திருப்பிப் பார்த்தால் நாலு தகடு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது.

இதில் எனக்குத் தாங்காத விஷயம் வேறு. மூன்று மாதமாகவே அந்தக் காரில் செக் என்ஜின் லைட் எரிந்திருக்கிறது. கீழ் ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, இழுவை குறைந்திருக்கிறது. இவர் ஒவ்வொரு முறையும் யாரிடமாவது கொடுத்து ஸ்கேனரில் கோடை (வண்டி பதிந்து வைக்கிற பழுதுக் குறியீட்டை) அழித்துவிட்டு ஓட்டியிருக்கிறார். மூன்று முறை. கோடை அழித்தால் லைட்தான் அணையும், உள்ளே ஆடுகிற தகடு ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

அந்தத் தகட்டுக்குப் பெயர் ஸ்விர்ல் ஃபிளாப். எதற்காக வைத்தார்கள் என்று தெரிந்தால் ஏன் கெடுகிறது என்பதும் புரிந்துவிடும். இப்போதைய டீசல் இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று போக இரண்டு வழி உண்டு. ஒன்று காற்றைப் பக்கவாட்டில் சுழற்றி விடுகிற வழி, இன்னொன்று நிறையக் காற்றை நேராக உள்ளே தள்ளுகிற வழி. வண்டி மெதுவாக ஓடும்போது உள்ளே போகிற காற்றுக்கு வேகம் பத்தாது, டீசலோடு சரியாகக் கலக்காது, கரும்புகை வரும். அதனால் கீழ் ஆர்பிஎம்மில் இரண்டாவது வழியைத் தகடு மூடிவிடும். எல்லாக் காற்றும் ஒரே வழியில் நெருக்கிப் போய், தயிர் கடைகிற மாதிரி சிலிண்டருக்குள் சுழலும், டீசல் நன்றாகக் கலந்து எரியும். ஆர்பிஎம் ஏற ஏறத் தகடு திறந்துவிடும். ஒரு நாளில் எத்தனை முறை அது திறந்து மூடும் என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் டவுன் டிராஃபிக்கில்.

நல்ல யோசனைதான், ஆனால் அது இருக்கிற இடம் மோசம். எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடுகிற இஜிஆர் வழியாக வருகிற புகைக்கரியும், இன்ஜினின் அடிப்பாகமான கிராங்க்கேஸில் இருந்து வருகிற ஆயில் ஆவியும் சேருவது அங்கேதான். கரி தனியாக வந்தால் தூசிதான், ஆயில் தனியாக வந்தால் ஈரம்தான், இரண்டும் சேர்ந்தால் தார். மேனிஃபோல்டுக்குள் விரலை விட்டு எடுத்தால் விரல் முழுக்கக் கறுப்புக் களி அப்பியிருக்கும். சில வண்டிகளில் காற்று போகிற வழியே பாதிதான் மிச்சம். அந்தக் களிக்குள் தகடு திரும்ப முடியாமல் திணறும், அதைத் திருப்புகிற மோட்டாரோ வேக்யூம் ஆக்சுவேட்டரோ மல்லுக்கட்டி இழுக்கும், நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் இணைப்புகள் தேயும், அச்சு ஆட ஆரம்பிக்கும். காலையில் பிள்ளையை ஸ்கூலில் விட மூன்று கிலோமீட்டர், சாயந்திரம் காய்கறிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று சூடேறாமலே ஓடுகிற டீசல் காரில்தான் இந்தக் களி அதிகம் சேரும், நெடுந்தூரம் ஓடுகிற வண்டியில் குறைவு.

எல்லா இன்ஜினிலும் ஒரே மாதிரி கெடாது. தகடு உடைந்து சிலிண்டருக்குள் விழுகிற கதைக்கு உலகம் முழுக்கப் பெயர் போனவை பிஎம்டபிள்யூவின் பழைய எம்47, எம்57 டீசல்கள். அவற்றில் தகடு உலோகம், நடுவில் மெல்லிய அச்சு, தகட்டை அச்சோடு பிடித்திருப்பவை இரண்டே குட்டி ஸ்க்ரூ. அடுத்து வந்த என்47இல் தகடு பிளாஸ்டிக் ஆகிவிட்டது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 2.0 டிடிஐ காமன் ரெயிலில் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் விழாது, ஆனால் தகட்டைத் திருப்புகிற கை (லீவர்) வந்து முட்டி நிற்கிற பிளாஸ்டிக் இடம் தேய்ந்துபோய், கை அளவுக்கு மேல் திரும்பும், சென்சார் குழம்பும், பி2015 என்று கோடு விழும். அதற்கு ஒரு சின்ன உலோகப் பட்டை தனியாக விற்கிறார்கள். தேய்ந்த இடத்தில் வைத்து இறுக்கினால் கை பழைய அளவில் நிற்கும். அதைப் போடுவதில் தப்பில்லை, ஆனால் தகடுகள் கையால் லேசாகத் திரும்புகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், இறுகிப்போன தகட்டுக்கு வெளியே பட்டை வைத்து என்ன பயன்? மெர்சிடிஸின் வி6 டீசலான ஓஎம்642இல் விவகாரம் மேலே இருந்து வரும். டர்போவுக்குக் காற்று போகிற குழாயின் ரப்பர் சீல் கசிந்து, ஆயில் சொட்டுச் சொட்டாக நேராக ஃபிளாப் மோட்டார் மேல் விழும், மோட்டார் போய்விடும், வண்டி தானே இழுவையைக் குறைத்துக்கொள்கிற லிம்ப் மோடுக்குப் போகும். சீலை மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால் புது மோட்டாரும் அதே ஆயிலில்தான் குளிக்கும்.

நம்மூரில் நிறைய ஓடுகிற சின்ன டீசல் கார்கள் பலவற்றில் இந்த ஃபிளாப்பே கிடையாது. உங்கள் இன்ஜினில் உண்டா இல்லையா என்பதை மெக்கானிக்கிடம் ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தகடு உள்ளே விழுந்தால் ஏன் இவ்வளவு நாசம் என்று அந்தத் திருப்பூர்க்காரர் கேட்டார். டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். அந்த இடைவெளியில் இரும்புத் துண்டு ஒன்று மாட்டினால் அது எங்கே போகும்? 3000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் நொடிக்கு 50 முறை மேலே வரும், 50 முறையும் அடி. நொறுங்கின துண்டு எக்ஸாஸ்ட் வழியாகப் போனால் டர்போவின் டர்பைன் இறக்கையையும் கடித்துவிட்டுத்தான் போகும். அவருடைய டர்போவும் போய்விட்டது. செலவைக் கூட்டிச் சொன்னபோது அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

முன்கூட்டியே தெரியுமா என்றால், பெரும்பாலும் தெரியும். கீழ் ஆர்பிஎம்மில் பிக்கப் குறைந்து புகை தள்ளினால் தகடு திறந்த நிலையிலேயே நிற்கலாம். ஹைவேயில் ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் மூச்சு முட்டினால் மூடிய நிலையில் நிற்கலாம். மேனிஃபோல்டின் வெளிப்பக்கத்தில் அச்சு வருகிற இடத்தைச் சுற்றி ஆயில் ஈரம் கசிந்து தூசி ஒட்டியிருந்தால், உள்ளே அச்சு தேய்ந்து ஆடுகிறது என்று சந்தேகப்படுங்கள். மெல்லிய விசில் சத்தமும் சிலதில் வரும். இதெல்லாம் இஜிஆர், டர்போ ஹோஸ் பிரச்சினையிலும் வரும்தான், அதனால் கோடை வைத்து மட்டும் பார்ட்ஸ் மாற்றாமல் கழற்றிப் பார்க்கிற ஆளிடம் போங்கள்.

ஃபிளாப்பையே எடுத்துவிட்டு அடைப்புத் தட்டு போடலாமா என்று வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். பழைய பிஎம்டபிள்யூ டீசல்களுக்கு அலுமினியத்தில் ஓ-ரிங்கோடு 22, 33 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் கிடைக்கிறது, நிறையப் பேர் போட்டும் இருக்கிறார்கள். போட்டால் தகடு விழுகிற பயம் போய்விடும், கீழ் ஆர்பிஎம்மில் புகை கொஞ்சம் கூடும். ஆனால் அந்தக் கார் மாசு அளவுக்குச் சான்று வாங்கினது ஃபிளாப்போடுதான். அதோடு, தகடு எந்த நிலையில் நிற்கிறது என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு சென்சார் வைத்துப் பார்க்கிற இன்ஜின்களில் எடுத்துவிட்டால் கோடு வந்துகொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் மேனிஃபோல்டை இறக்கிச் சுத்தம் செய்து, அச்சு ஆடினால் மேனிஃபோல்டையே மாற்றுவேன். சுத்தம் என்றால் இறக்கித்தான். வண்டியில் இருக்கும்போதே உள்ளே சுரண்டுவதோ, இன்ஜின் ஓடும்போது கெமிக்கலை நிறைய ஊற்றுவதோ வேண்டவே வேண்டாம், பெயர்ந்த கட்டி நேராக சிலிண்டருக்குள் போகும், அதிகமாகப் போன திரவமே எரிந்து இன்ஜின் கட்டுப்பாடு இல்லாமல் எகிறவும் செய்யும்.

இன்னொரு கார். இதுவும் டீசல், குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக் மாற்ற வந்தது, அதற்காக மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றினதும் பழக்கத்தில் தகடுகளை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பார்த்தேன். முதல் தகடு கெட்டி. இரண்டாவது, விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. மூன்றாவது கெட்டி. நாலாவது இடத்தில் அச்சு மட்டும் இருந்தது, தகடு இல்லை. கூட இருந்த பையன் "ஸ்டார்ட் பண்ணிப் பாத்துரலாமாண்ணா, நல்லாத்தானே ஓடிட்டு வந்துச்சு" என்றான். சாவியைக் கழற்றி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் நாலாவது சிலிண்டருக்குக் காற்று போகிற போர்ட்டுக்குள், வளைவுக்கு அந்தப் பக்கம், களியில் ஒட்டிக்கொண்டு தகடு கிடந்தது, வால்வுக்கு இரண்டு விரல்கடை தூரத்தில். நீள மூக்குப் பிளையரால் எடுத்தோம். ஒரு ஸ்க்ரூ அதிலேயே இருந்தது, இன்னொன்றைத் தேட இரண்டு மணி நேரம் ஆனது, ஹீட்டர் பிளக் ஓட்டை வழியாகக் கேமரா விட்டு, பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிற கிராங்க்கைக் கையால் ஸ்பேனர் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் மேனிஃபோல்டின் அடிக்களியில் அகப்பட்டது. அதுவரை ஸ்டார்ட்டரை நாங்கள் தொடவில்லை.

அதனால் உங்கள் காரில் எந்த வேலைக்காக மேனிஃபோல்டைக் கழற்றினாலும் சரி, பக்கத்தில் நின்று தகடுகளை எண்ணச் சொல்லுங்கள், ஒவ்வொன்றையும் உங்கள் விரலாலும் அசைத்துப் பாருங்கள், எண்ணிக்கை குறைந்தால் காணாமல் போனது கையில் கிடைக்கிறவரை சாவியைத் திருப்ப யாரையும் விடாதீர்கள்.