வரைபடத்தில் காய்ந்து கிடந்த தோட்டம்

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வெள்ளம் வந்தபோது எங்கள் வாட்சாப் குழுவில் செயற்கைக்கோள் வரைபடம் ஒன்று சுற்றியது. தண்ணீர் நின்ற இடத்துக்கெல்லாம் நீலம் பூசியிருந்தார்கள். ஆற்றோரம், பந்துத் திடல், பக்கத்து வயல் எல்லாம் நீலம். எங்கள் தோட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. செம்பனைக் காடு முழுக்க முழங்கால் அளவு தண்ணீர் சார். படம் பொய்யா, நாங்கள் பொய்யா?"

குழுவில் இரண்டு விளக்கங்கள் வந்தனவாம். நிர்வாகம் காசு கொடுத்து மறைத்துவிட்டது என்பது ஒன்று. அம்மன் எல்லைக்குள் வெள்ளம் ஏறாது, படமே சாட்சி என்பது இன்னொன்று. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இதை எப்படித் தட்டினார்களோ! கோயில் நனையவில்லை என்றால், மேடு பார்த்துக் கட்டிய பழைய ஆட்களுக்குத்தான் அந்தப் பெருமை போக வேண்டும்.

சரி, படத்துக்கு வருவோம்.

நிலத்தைப் பார்க்கும் செயற்கைக்கோள்களில் முக்கியமாக இரண்டு ரகம். முதல் ரகம் கேமரா. சூரிய ஒளி தரையில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும். 1972-இல் தொடங்கிய அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை இப்படிப்பட்டது. காடு தோட்டமானது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, ஆறு கரை மாறியது எல்லாம் அரை நூற்றாண்டாக அதில் பதிவாகியிருக்கிறது. 2008 முதல் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் வெள்ளம் வரும் நாளில் வானம் மூடிக்கிடக்கும். கேமராவுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும்.

இரண்டாவது ரகம் ரேடார். தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்கும். அதற்கு இரவும் பகலும் ஒன்றுதான். மேகத் துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, மிஞ்சினால் அதில் இரண்டு மூன்று மடங்கு. ஐரோப்பாவின் செண்டினல்-1 அனுப்பும் அலையின் நீளமோ 5.6 சென்டிமீட்டர். இவ்வளவு பொடித் துளி அந்த அலைக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். ஏறக்குறைய 700 கிலோமீட்டர் உயரத்தில், நம் கடிகாரப்படி காலையிலோ மாலையிலோ 7 மணியை ஒட்டி அது நம்மைக் கடந்து போகிறது. வெள்ள நேரத்தில் கைக்குக் கை மாறும் நீல வரைபடங்களில் பல இதன் தரவில் போட்டவை.

இந்த ரேடார் நேர்கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கும். கரடுமுரடான தரை அலையை நாலாபக்கமும் சிதறடிப்பதால் கொஞ்சமாவது செயற்கைக்கோளுக்குத் திரும்பி வரும். அசையாமல் நிற்கும் தண்ணீர் அப்படியில்லை. வந்த அலையை மொத்தமாக எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். திரும்பி வர ஒன்றும் இல்லாததால் அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். கறுப்பு எங்கே என்று கணினி தேடும், அங்கே நீலம் பூசும், வேலை முடிந்தது. தார் ரோடும் விமான ஓடுபாதையும்கூடக் கறுப்பாகத்தான் தெரியும். சாகுபடிக்குத் தண்ணீர் கட்டிய செகிஞ்சான் வயலும் அப்படித்தான். அதனால் வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாகக் கறுத்ததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

இனி செம்பனைக்குள் போகலாம். எனக்கு இதில் பிடித்த இடமே அதுதான்.

முற்றிய செம்பனையின் மட்டைகள் ஐந்தாறு மீட்டருக்கு மேல் நீண்டு, பக்கத்து மரத்து மட்டையோடு பின்னிக்கொள்ளும். ஒவ்வொரு மட்டையிலும் நூற்றுக்கணக்கான ஓலைகள், ஒவ்வொன்றும் சில சென்டிமீட்டர் அகலம். 5.6 சென்டிமீட்டர் அலைக்கு இது மோசமான சந்திப்பு. தன் நீளத்தை ஒத்த பொருள் எதிர்ப்பட்டால் அலை அதில் நன்றாக மாட்டிக்கொள்ளும். பெரும்பகுதி உச்சியிலேயே சிதறி, அங்கிருந்தே திரும்பிவிடும். கீழே வறண்ட மண் கிடந்தாலும் முழங்கால் தண்ணீர் நின்றாலும் அதற்குத் தெரியாது. நேற்று எப்படித் தெரிந்ததோ அப்படியேதான் இன்றும் தெரியும். கணினியும் 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடும். வாசகரின் தோட்டம் வரைபடத்தில் வறண்டு கிடந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். யாரும் காசு கொடுக்கவில்லை.

அலையை நீட்டினால் நிலைமை மாறிவிடுகிறது. 2014-இல் ஜப்பான் ஏவிய ஆலோஸ்-2-இன் அலைநீளம் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர். ஓலைகள் அதற்குப் பொடிசு. கணிசமான பகுதி மட்டைகளைத் தாண்டிக் கீழே இறங்கித் தண்ணீரைத் தொடும். தண்ணீர் வழக்கம்போல அதை முன்னால் தள்ளும். முன்னால் என்ன இருக்கிறது? மரத்தண்டு. படுத்த தண்ணீரும் நின்ற தண்டும் சேர்ந்தால் ஒரு செங்கோணம். கேரம் பலகையின் மூலைக்குப் பக்கத்தில் ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடித்துப் பாருங்கள். ஒரு சட்டத்தில் பட்டு, அடுத்த சட்டத்திலும் பட்டு, எந்தச் சாய்வில் போனதோ அதே சாய்வில் அடித்தவரை நோக்கியே திரும்பும். அலையும் அப்படியே, கிளம்பிய செயற்கைக்கோளுக்கே திரும்பிப் போகிறது. ஆகவே வெள்ளம் புகுந்த செம்பனைக் காடு இந்தப் படத்தில் கறுப்பாவதில்லை. வெளுத்துப் பளிச்சென்று தெரிகிறது.

தண்ணீர் இல்லாத நாளிலும் தண்டும் தரையும் செங்கோணமாகத்தானே நிற்கின்றன என்று கேட்கலாம். நிற்கின்றன, ஆனால் அந்தத் தரை புல்லும் புதரும் வெட்டிப் போட்ட மட்டை அடுக்குமாகக் கரடுமுரடாக இருக்கும். அலை அங்கேயே சிதறி வீணாகிவிடும். வெள்ளம் அதையெல்லாம் மூடி, வழவழப்பான தளம் போட்டுக் கொடுக்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கம், அலை ஆடும் திசை. படுக்கைவாட்டில் ஆடும் அலை இந்த இரட்டை மோதலில் அவ்வளவாக இழப்பதில்லை. செங்குத்தாக ஆடும் அலை தண்டில் படும்போது நல்ல பகுதி மரத்துக்குள்ளேயே போய்விடும். செண்டினல்-1 நிலப்பகுதிகளில் பெரும்பாலும் செங்குத்து அலையைத்தான் அனுப்புகிறது. நீளத்தில் தோற்றது போதாதென்று திசையிலும் தோற்கிறது, பாவம்!

இதையெல்லாம் சேர்த்து ஒரு தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். நட்டு ஓரிரு ஆண்டான கன்றுக் காட்டில் தண்டு என்று சொல்ல ஒன்றும் இருக்காது, தண்ணீர் ஏறினால் கறுப்பு. நன்றாக வளர்ந்த காடு நீள அலையில் வெள்ளை. அதே காடு குட்டை அலையில் மாற்றமில்லை. வெள்ளம் ஒன்றுதான், அதற்கு மூன்று விடை. கறுப்பை மட்டும் தேடும் கணினி மூன்றில் ஒன்றைத்தான் பிடிக்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1978-இல் ஏவி நூறு நாளுக்குச் சற்று அதிகமாகவே உழைத்த சீசாட், நீள அலை ரேடார்தான். கடலைப் பார்க்க அனுப்பினார்கள். அது அமெரிக்காவில் தண்ணீர் தேங்கிய காடுகளையும் பளிச்சென்று காட்டிவிட்டது. 1994-இல் எண்டெவர் விண்ணோடத்தில் போன ரேடார் ஒரு படி மேலே போய், அமேசான் காட்டுக்கு அடியில் வெள்ள மட்டம் மாறியதைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்தது. அதே ரக அலையைக் கொண்டுதான், தென்கிழக்காசியாவின் கரிச்சதுப்பு நிலங்கள் (பாதி மக்கிய தாவரங்கள் சேர்ந்த மண்) சராசரியாக ஆண்டுக்கு 2 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தாழ்கின்றன என்று 2020-இல் வந்த ஆய்வு சொன்னது. வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கினால் கரிமண் காய்ந்து, மக்கி, அமுங்கும். தாழ்ந்த நிலத்தில் வெள்ளம் வடிய நாளாகும் என்பதை அந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது என் சொந்தப் புலம்பல் கொஞ்சம். 2009-இல் நாம் ரசாக்சாட் செயற்கைக்கோளை ஏவினோம். நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றி, மேகத்தில் இடைவெளி கிடைக்காதா என்று அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கும் ஏற்பாடு. யோசனை நல்லதுதான், ஆனாலும் அது கேமரா ரகம், சீக்கிரமே ஓய்ந்தும் போனது. இன்று நிலைமை வேறு. 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நைசார், அதாவது அமெரிக்காவும் இந்தியாவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள், 24 சென்டிமீட்டர் அலையோடு 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. அதன் தரவு எல்லாருக்கும் இலவசம். அதனால் வானத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சின்னப் பங்கைத் தரைக்குக் கொடுத்தால் போதும் என்பேன். வெள்ளம் நிற்கும்போதே தோட்டத்துக்குள் இறங்கி, எந்தக் காட்டில் எவ்வளவு தண்ணீர், மரத்துக்கு என்ன வயது என்று குறித்து வந்து படத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும். அது இல்லாமல் வெள்ள வரைபடம் போட்டால், செம்பனை நிற்கும் இடமெல்லாம் 'பாதிப்பில்லை' என்று விழுந்துகொண்டே இருக்கும். நிவாரணக் கணக்கு அந்த வரைபடத்தைப் பார்த்து எழுதப்பட்டால் யாருக்கு நஷ்டம் என்பதை வாசகரே அறிவார்.

அவர் தம் பங்குக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தண்ணீர் வடிந்ததும் மரத்தண்டில் சேற்றுக் கோடு நிற்கும், அடுத்த பெருமழை அதைக் கழுவிவிடும். அதற்குள் ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கலாம். தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு உச்சத்தில் நின்றது என்றும் குறித்துக்கொள்ளட்டும், ஏனென்றால் இரவு 11 மணிக்கு ஏறிய தண்ணீர், செயற்கைக்கோள் கடந்து போகும் காலை 7 மணிக்குள் பாதி இறங்கியிருக்கலாம். கைப்பேசியில் இடப்பதிவை முன்பே திறந்து வைத்தால் எந்த மரம் என்பதும் படத்தோடு சேர்ந்து பதிவாகும். அந்தப் படத்தை வாட்சாப்பில் சாதாரணமாக அனுப்ப வேண்டாம், இடக்குறிப்பு அழிந்துவிடும். கோப்பாக இணைத்து மின்னஞ்சலில் அனுப்பினால் குறிப்பு அப்படியே வந்து சேரும்.